பின்படி வரை வந்த ஈரம்

வீடு பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். அளவெடுப்பதும் சுவரில் வெடிப்புப் பார்ப்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் படிப்பு எட்டாம் வகுப்பில் பாதி. அதன்பிறகு கொடிகாமம் சந்தையில் மூட்டை தூக்கினேன், உப்பளத்தில் உப்பு வாரினேன், வவுனியாப் பக்கம் லொறியில் கிளீனராகத் திரிந்தேன், ஒரு மேசனுக்குக் கலவை குழைத்தேன். ஓரிடத்தில் ஒரு மாரிகாலத்துக்கு மேல் என்னால் இருக்க முடிந்ததில்லை. சாப்பாடு கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. எனக்கென்று ஒரு கூரை இருந்ததில்லை. அப்படிப்பட்டவனைத்தான் எழுபதுகளின் கடைசியில் மற்றவர்களுடைய வீடுகளைப் பார்க்கும் வேலைக்கு எடுத்தார்கள். நடக்கப் பஞ்சிப்படாதவன், சோம்பல் இல்லாதவன் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த நாட்களில் அரசாங்கம் கரையோரங்களில் வரிசையாகப் புது வீடுகள் கட்டியது. சொந்த வீடு இல்லாதவர்கள் முதன்முதலாக ஒரு வீடு வாங்குவதற்கு, விலையில் பெரும்பங்கை அரசாங்கமே மானியமாகக் கொடுத்தது. மீதியைக் குடும்பம் போட வேண்டும். அது அவர்களுடைய முதல் வீடாக இருக்க வேண்டும். குறித்த நாளுக்குள் குடியேறியும் இருக்க வேண்டும். அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து அதிகாரி வரும்போது வீட்டுக்காரர் நேரில் நின்று கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடு அடுத்து நிற்கும் குடும்பத்துக்குப் போய்விடும். அதிகாரி வருவதற்கு முன்னால் போய், உண்மையிலேயே ஆட்கள் குடியிருக்கிறார்களா என்று பார்த்து வருவது என் வேலை.

நான் முதலில் பழகியது அடுப்பைப் பார்க்க. கொடிகாமத்தில் ஒரு வியாபாரி, நல்லூரில் கல்வீடு ஒன்றை வைத்துக்கொண்டே, தனக்கு ஒரு கொட்டில்கூட இல்லையென்று சொல்லிப் புது வீடு வாங்கியிருந்தார். நான் போன அன்று தமையனுடைய பிள்ளைகளைக் கொண்டுவந்து விறாந்தையில் இருத்திப் பாடம் படிக்க விட்டிருந்தார். கொடியில் உடுப்பு. முற்றத்தில் ஒரு ஆடுகூடக் கட்டியிருந்தார். நான் நேரே குசினிக்குள் போனேன். அடுப்புக்கல்லில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

"என்ன அண்ணை, எல்லாத்தையும் பச்சையாவோ சாப்பிடுறியள்?" என்று கேட்டேன். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆடு மட்டும் கவலையில்லாமல் குழை தின்றுகொண்டிருந்தது.

அன்றோடு எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. அடுப்பைப் பார்த்தால் போதும், ஆளைப் பார்க்கத் தேவையில்லை. அந்தத் திமிரோடுதான் வடமராட்சிக் கரைக்குப் போனேன்.

உடுப்பிட்டியிலிருந்து வடக்கே சைக்கிள் உழக்கினால் கடல் வரும். கடலுக்கும் பனங்கூடலுக்கும் நடுவில் ஒரு வரிசை வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. முன்வாசல் ஒழுங்கையைப் பார்க்கும், பின்வாசல் கடலைப் பார்க்கும். உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தேன். எல்லாக் குசினியிலும் புகை, எல்லா அடுப்பிலும் கரி. மகிழ்ச்சியாக ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு கடைசி வீட்டுக்கு வந்தேன்.

அந்த முற்றத்தில் ஒருவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நீலச் சட்டை, கோடு போட்ட சாரம்.

"அண்ணை, வீடு பாக்க வந்திருக்கிறன்," என்றேன். திரும்பவில்லை. காது மந்தமாக்கும் என்று இன்னும் உரத்துச் சொன்னேன். காற்று வந்து அவருடைய சட்டைக் கையைத் தூக்கியது. உள்ளே வைக்கோல்.

வீடு கட்டும்போது கண்ணூறு படாமல் வைக்கும் வெருளி அது. வீடு முடிந்து, பால் பொங்கி, புதுமனை புகும் குடிபூரல் நடந்ததும் அதைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். மற்ற வீடுகளில் எறிந்துவிட்டார்கள். இங்கே நின்றது. வெருளிக்குப் பழைய கந்தல்தானே கட்டுவார்கள்? இதன் சட்டை கிழியாத சட்டை. பொத்தான் கழுத்துவரை பூட்டியிருந்தது. கிட்டப் போனபோது சவர்க்கார வாசம் வந்தது. யாரோ அதைத் தோய்த்துத் திரும்பப் போட்டுவிட்டிருந்தார்கள்.

வீட்டுக்காரி பெயர் செல்வராணி. முப்பது வயது இருக்கும், நெற்றியில் பெரிய பொட்டு. பின்பக்கத்தில் தென்னோலைக் கிடுகால் சின்னச் சாய்ப்பு ஒன்று இறக்கி, அதிலே இரண்டு பெண்பிள்ளைகளோடு சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலே புது வீடு முன்கதவும் பின்கதவும் திறந்தபடி கிடந்தது. உள்ளே நிலமெல்லாம் கடல் மண். அடுப்புக்கல் கொடிகாமத்து வியாபாரியின் அடுப்புக்கல்லைப் போலவே வெள்ளையாய் இருந்தது.

"வீட்டுக்காரர் எங்கை அக்கா?"

"கடலுக்குப் போட்டார்."

"எப்ப வருவார்?"

"வருவார்."

"கதவைச் சாத்துறேல்லையோ? மண் ஏறுதே."

"கடலுக்குப் போன ஆள் வாறமட்டும் நாங்கள் சாத்திறேல்லை."

பின்வாசலால் வெளியே எட்டிப் பார்த்தேன். அந்தச் சீமெந்துப் படியில் இரண்டு ஈரக்கால் அடையாளம் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில், குதிக்கால் கடல் பக்கம், விரல்கள் வீட்டுப் பக்கம். யாரோ கடலிலிருந்து நேரே வந்து, படியில் ஏறி நின்று, உள்ளே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி. அந்த வெயிலில் சீமெந்தில் தண்ணீர் ஊற்றினால் கண் மூடித் திறக்குமுன் காய்ந்துவிடும். இது காயவில்லை. சுற்றிலும் பார்த்தேன். கரை வெறுமையாகக் கிடந்தது.

"இப்ப ஆரோ வந்து நிண்டிருக்கினம்."

"அவர்தான்," என்றாள். மீன் அரிந்துகொண்டே சொன்னாள். தலையை நிமிர்த்தவில்லை.

எனக்கு முதுகு சில்லிட்டது என்று எழுதினால் அது பொய். அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆள் இங்கேதான் எங்கேயோ நிற்கிறான், என்னைக் கண்டதும் ஒளித்துவிட்டான் என்று நினைத்தேன்.

வரிசையில் விசாரித்தேன். செல்வராணியின் புருஷன் தவராசாவை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒழுங்கை முகப்பில் கிடுகுக் கொட்டிலில் இருந்த மார்க்கண்டு, "ஓம், இப்பதான் கண்டனான், வள்ளத்தை இறக்கிக்கொண்டு நிண்டவன்," என்றார். அடுத்த வீட்டுக் கமலம், "அவர் காலமை பருத்தித்துறைக்கு வலை நூல் வாங்கப் போட்டார்," என்றாள். தேத்தண்ணிக் கடைக்காரரோ, "இவ்வளவு நேரமும் உதிலைதான் தம்பி இருந்தவர். பிளேன்ரீ குடிச்சிட்டுக் காசும் தராமல் போறார்," என்று உட்காரும் வாங்கைக் காட்டினார்.

ஒரே நேரம், ஒரே ஆள், மூன்று இடம்.

எனக்கு விளங்கிவிட்டது. அல்லது விளங்கிவிட்டதென்று நினைத்தேன். ஆளுக்கு வேறெங்கோ வீடு இருக்கிறது. அங்கேதான் படுக்கிறான். இது அவனுடைய முதல் வீடு இல்லை. ஊர் சேர்ந்து மூடி மறைக்கிறது. கரியில்லாத அடுப்பு அதற்குச் சாட்சி.

கந்தோருக்கு வந்து எனக்கு மேலேயிருந்த ஓவசியரிடம் சொன்னேன். குறைவாகப் பேசும் மனிதர். தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"மூண்டு பேர் மூண்டு இடத்திலை கண்டவையோ?"

"ஓம் ஐயா."

"அப்ப ஒருத்தரும் காணேல்லை எண்டுதான் எனக்குப் படுது. ஆள் உயிரோடை இருக்கிறானோ?"

"என்ரை கண்ணாலை ஈரக்காலைக் கண்டனான் ஐயா. நான் போகமுந்திதான் வந்து நிண்டிருக்கிறான்."

"சரி. ஆள் இல்லையெண்டா மனிசி தன்ரை வாயாலை சொல்லவேணும். சொன்னா வீடு மனிசின்ரை பேருக்கு மாறும். வேறை ஆர் சொன்னாலும் செல்லாது, நீர் எழுதினாலும் செல்லாது. வெள்ளிக்கிழமை அதிகாரி வாறார். கடலுக்குப் போட்டார் எண்ட கதை அண்டைக்கு எடுபடாது. வீடு அடுத்த ஆளுக்குத்தான்."

இரண்டாம் முறையும் உச்சி நேரத்தில் போனேன், ஆளைக் கையோடு பிடிப்பதற்காக. ஒருவரையும் விசாரிக்காமல் வீட்டைச் சுற்றி நேரே பின்படிக்குப் போனேன். ஈரம் அதே இடத்தில் இருந்தது. இந்தமுறை குனிந்து பார்த்தேன். ஈரத்தைச் சுற்றி வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. ஒருநாள் உப்பு அல்ல. நான் உப்பளத்தில் வேலை செய்தவன், உப்பு எப்படி ஏறும் என்று எனக்குத் தெரியும். காய்ந்து, மறுபடி நனைந்து, மறுபடி காய்ந்து, அடுக்கடுக்காக ஏறிய உப்பு. யாரோ நாளாந்தம் இதே இடத்தில், ஒரு விரற்கடை விலகாமல் வந்து நின்றிருக்கிறார்கள். படியைத் தாண்டி உள்ளே ஓர் ஈரமும் இல்லை. உள்ளே கிடந்த மண் கலையவில்லை.

செல்வராணி கிணற்றடியில் இருந்தாள். அங்கே கொடியில் நீலச் சட்டை காய்ந்தது. முற்றத்தில் வெருளி வேறு சட்டை போட்டுக்கொண்டு நின்றது.

மார்க்கண்டரின் கொட்டிலுக்குப் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நான் இனிமேல் சுத்தி வளைக்கேல்லை. தவராசாவுக்கு வேறை வீடு இருக்கு எண்டு எழுதப்போறன்."

அவருடைய கை நின்றது. "என்ன வீடு?"

"வேறை வீடு. அங்கைதானே ஆள் இருக்கிறார்? நீங்கள் எல்லாரும் மறைக்கிறியள்."

"தவராசாவுக்கு வேறை வீடோ?" மனிதர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இடையிலே அறுந்துபோனது. "தம்பி, உனக்கு விசரே? அவன் மாரி தொடங்கேக்கை கடலுக்குப் போனவன். வாடைக்காத்து. வள்ளம் கவிண்டு கரைக்கு வந்தது. அவன் வரேல்லை."

வீட்டுக்குக் கட்ட வேண்டிய காசைக் கட்டி, விண்ணப்பத்தில் கையெழுத்தும் வைத்துவிட்டுப் போனவன். சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது அவன் இல்லாமல் போனான். உடல் வரவில்லை. மனைவி செத்தவீடு கொண்டாட விடவில்லை. பொட்டை அழிக்கவில்லை. ஊர் அலுவல் பார்க்கும் விதானையாரிடம் சொல்லவும் இல்லை. வீட்டுத் திறப்பு, அதாவது சாவி, கொடுத்த அன்று, அவர் தொழிலுக்குப் போட்டார் என்று சொல்லித் தானே வாங்கிக்கொண்டாள்.

"அப்ப ஏன் கண்டனான் எண்டு சொன்னனீங்கள்? கமலமக்கா ஏன் சொன்னவ? தேத்தண்ணிக் கடையிலை ஏன்..."

"கடையிலையும் கண்டவையாமோ?" மார்க்கண்டர் தலையில் கை வைத்தார். "அட, ஒருத்தரும் கதைச்சு வைக்கேல்லை தம்பி. நீ வந்து கேட்டாய். ஆள் இல்லையெண்டு சொன்னா அவளின்ரை வீடு போடும் எண்டு நினைச்சன். வாயிலை வந்ததைச் சொன்னன். அவையும் அப்பிடித்தான் சொல்லியிருப்பினம். பிளேன்ரீக் காசும் குடுக்கேல்லையாமோ? செத்த மனிசனிலை கடனும் வைச்சுட்டான் பார்."

"அடுத்து நிக்கிற ஆள் ஆர் எண்டு தெரியுமோ அண்ணை?"

"நான்தானே." ஊசியை மறுபடி வலைக்குள் விட்டார். கொட்டிலின் கூரை ஒரு பக்கம் இற்றுப்போயிருந்தது, வெயில் அவர் முதுகில் புள்ளி புள்ளியாய் விழுந்தது. "அவள் வெளியிலை நிக்க நான் அதுக்குள்ளை போய்ப் படுக்கிறதே? எனக்கு நித்திரை வருமே?"

எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது. அந்த மதிப்பில்தான் சொன்னேன். "எண்டாலும் அந்தக் கால் அடையாளம் கெட்டிக்கார வேலை அண்ணை. நான் நம்பிட்டன்."

"என்ன கால்?"

சொன்னேன். அவர் வலையைக் கீழே வைத்தார். செல்வராணி வீட்டுப் பின்பக்கத்துக்கு அந்த வரிசை ஆட்கள் போவதில்லை. கடலில் ஆளைக் கொடுத்த வீட்டின் பின்பக்கம் நடக்கக் கூசுவார்கள். அன்றைக்கு என்னோடு வந்தார். தூரத்தில் நின்று படியைப் பார்த்தார். பிறகு கிட்டப் போனார். குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"இடது காலைப் பார். சின்ன விரல் பதியேல்லை," என்றார் மெதுவாக. "திருக்கை அடிச்சுப் பழுதாகி, ஆசுப்பத்திரியிலை எடுத்தவங்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போனனான்."

அவர் ஒழுங்கைக்குப் போய்க் கமலத்தையும் கடைக்காரரையும் கேட்டார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் செய்யவில்லை.

தம்பிமாரே, தங்கைச்சிமாரே, எனக்குப் பேயில் நம்பிக்கை இருக்கிறதா என்று என்னிடம் கேட்காதீர்கள். கண்டதைச் சொல்கிறேன். அந்த இடத்தில் நான் யோசித்தது பேயைப் பற்றி அல்ல, வெள்ளிக்கிழமையைப் பற்றி. ஆள் இல்லையென்று நான் எழுதினால் செல்லாது. அவளே சொல்ல வேண்டும். இறந்துபோனார் என்று ஒப்புக்கொள்ளும்படி அந்தப் பெண்ணிடம் நான் எப்படிக் கேட்பேன்? ஊர் முழுக்கக் கேட்காததை, சைக்கிளில் வந்த ஒருவன் கேட்பதா? கேட்காமல் விட்டால் பிள்ளைகளோடு அந்தச் சாய்ப்பையும் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

மார்க்கண்டர் போய்விட்டார். நான் படியின் ஓரமாக, ஈரத்தை மிதிக்காமல் நின்றேன். செல்வராணி வாளியோடு வந்தாள். நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்தாள். என்ன கேட்பதென்று முன்கூட்டி நினைத்து வைக்கவில்லை. என் மனதில் இருந்த சந்தேகத்தையே கேட்டேன்.

"அக்கா, அவர் ஏன் படியோடை நிக்கிறார்? ஏன் உள்ளுக்கு வரேல்லை?"

அவளை யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. வாளியைக் கீழே வைத்தாள்.

"பால் பொங்கேல்லையே. குடிபூராத வீட்டுக்குள்ளை அவர் எப்பிடி வருவார்? அவருக்கு உதெல்லாம் சரியா நடக்கவேணும்."

"நீங்கள் ஏன் பொங்கேல்லை?"

"அவர் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

மூத்தவள், எட்டு வயது இருக்கும், சாய்ப்புக்குள்ளிருந்து எங்களைப் பார்த்தாள்.

"அப்ப அவர் உங்களைப் பாத்துக்கொண்டு நிக்கிறார், நீங்கள் அவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்," என்றேன். "வெயில் அக்கா."

அவள் படியைப் பார்த்தபடி நின்றாள். நான் அதிகாரி வெள்ளிக்கிழமை வருவார் என்பதையும், பெயர் மாற்றலாம், ஆனால் அதை அவள்தான் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன். வேறு ஒரு சொல் சொல்லவில்லை. ஆள் செத்துப்போனார் என்று கடைசிவரை என் வாயில் வரவில்லை. வந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரியோடு ஜீப்பில் போனேன். முதலில் நான் பார்த்தது முற்றம். வெருளி இல்லை. அது நின்ற இடத்தில் கொஞ்ச வைக்கோல். வாசலில் கோலம், மாவிலை. உள்ளே நிலம் கூட்டியிருந்தது. குசினியில் அடுப்பைச் சுற்றிப் பால் பொங்கி வழிந்து கருகிய மணம். கல்லெல்லாம் கரி. பிள்ளைகள் இருவரும் தலை இழுத்து, பவுடர் போட்டு, சுவரோடு நின்றார்கள்.

ஊரே விறாந்தையில் கூடிவிட்டது.

"தவராசா எண்டவர் ஆர்? கூப்பிடுங்கோ," என்றார் அதிகாரி.

"இப்பதான் ஐயா, கடையிலை..." என்று தொடங்கிவிட்டார் தேத்தண்ணிக் கடைக்காரர். மார்க்கண்டர் அவருடைய காலை மிதித்தார். கமலம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

செல்வராணி குசினி வாசலுக்கு வந்தாள். நெற்றியில் பொட்டில்லை. அதிகாரியைப் பார்க்கவில்லை. பின்வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, வீட்டுக்குள் உள்ள ஒருவருக்குச் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"அவர் இல்லை ஐயா. வாடைக்குள்ளை கடல் கொண்டு போட்டுது. வீட்டை என்ரை பேருக்கு மாத்துங்கோ. நானும் பிள்ளையளும் இருப்பம்."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பிள்ளைகளின் பெயரைக் கேட்டார். வேலை முடிய அதிக நேரம் எடுக்கவில்லை. மார்க்கண்டருக்கு அடுத்த வரிசை கட்டும்வரை அந்தக் கொட்டில்தான் என்பது அவருக்கும் தெரியும். பால் வாங்கிக் குடித்துவிட்டு, "சீனி காணாது பிள்ளை," என்று சொல்லிக்கொண்டு வலைக்குப் போனார்.

சுவரைக் கடைசியாகப் பார்ப்பதற்காக நாங்கள் குசினிக்குள் போனோம். அதிகாரி முன்னால், நான் பின்னால். புதிதாகக் கூட்டிய நிலத்தில் அடுப்படியிலிருந்து பின்வாசல் வரை ஈரக்கால் அடையாளம் இருந்தது. பிள்ளைகளின் காலல்ல, அவளின் காலுமல்ல. அதிகாரி வெடிப்புப் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டி நடந்தார். அவர் காணவில்லை. நான் பின்படியைப் பார்த்தேன். அங்கே இரண்டு கால், பக்கத்தில் பக்கத்தில், இடது காலில் சின்ன விரல் இல்லாமல். இந்தமுறை குதிக்கால் வீட்டுப் பக்கம் இருந்தது. விரல்கள் கடலைப் பார்த்தன.

செல்வராணி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் விளக்குமாறு. கூட்டவில்லை. ஓரத்திலிருந்து ஈரம் சுருங்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நானும் நின்றேன். மற்ற நாட்களைப் போல அது நிற்கவில்லை. அந்த வெயிலில் எந்தத் தண்ணீரும் காய்வதைப் போலக் காய்ந்துபோனது.

பிறகு அவள் கதவைச் சாத்தினாள். மாதக்கணக்காகத் திறந்தே கிடந்ததில் கீல் உப்பேறி இறுகியிருந்தது. தோளைக் கொடுத்துத்தான் சாத்த வேண்டியிருந்தது. நான் உதவிக்குக் கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

நான் முன்வாசலால் வெளியே வந்தேன். அதன்பிறகு எத்தனையோ புது வீடுகளுக்குப் போயிருக்கிறேன். இப்போதும் முதலில் அடுப்பைத்தான் பார்க்கிறேன், ஆனால் கரி இல்லாவிட்டால் ஏன் இல்லையென்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். பின்படியைப் பார்க்காமல் வருவதில்லை. அதை மிதிப்பதும் இல்லை.